தொழிற்படைப் பங்கேற்பு வீதம்: சொல் விளக்கம்

‘லேபர் ஃபோர்ஸ் பார்ட்டிசிபேஷன் ரேட்’ என்பதைச் சிலர் ‘வேலைவாய்ப்பு விகிதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பொருளே மாறிப்போகிறது. இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவரோடு, வேலை கிடைக்காமல் தேடி அலைபவரும் சேர்த்தி. தேடாதவர்தான் வெளியே.

ஓர் ஊரில் வயதுவந்தோர் 100 பேர். 55 பேருக்கு வேலை இருக்கிறது, 5 பேர் தேடுகிறார்கள். பங்கேற்பு வீதம் 60. அந்த ஐவரும் அலுத்துப்போய்த் தேடுவதை நிறுத்தினால் வீதம் 55 ஆகிவிடும்; வேலையின்மையோ பூஜ்யம்! ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

‘லேபர்’ இலத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்கு உழைப்பு என்றும் வருத்தம் என்றும் பொருள். தமிழிலும் அப்படியே. உழத்தல் என்றால் வருந்துதல். ‘உழந்தும் உழவே தலை’ (குறள் 1031) என்பதில் வருவது அதுதான். இன்றும் ‘பாடுபட்டான்’ என்றால் உழைத்தான், துன்பப்பட்டான் இரண்டும் உண்டு. ‘ஃபோர்ஸ்’ இங்கே வலிமை அல்ல, ஆள்திரள். ஆகவே ‘தொழிலாளர் சக்தி’ பொருந்தாது.

தமிழ்நாட்டில் ‘தொழிலாளர் பங்கேற்பு விகிதம்’ பரவலாக வழங்குகிறது. ஆனால் தொழிலாளர் என்றதும் ஆலையில் கூலிக்கு நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார். சொந்தக் கடை வைத்திருப்பவரும் மருத்துவரும் வேலை தேடும் பட்டதாரியும் வருவதில்லை. இலங்கையில் ‘ஊழியப்படை’, ‘தொழிற்படை’ இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஊழியர் என்றால் தமிழ்நாட்டுக் காதுக்கு அலுவலகச் சம்பளக்காரர். எனவே என் தேர்வு தொழிற்படை. விகிதம் இரண்டு அளவுகளின் ஒப்பு. நூற்றுக்கு இத்தனை என்பதற்கு வீதமே நேரான சொல்.

நாடுகளை ஒப்பிடும்போதுதான் இந்தச் சொல்லின் நுட்பம் தெரியும். அமெரிக்காவின் வீதம் 2000-இல் 67-ஐத் தொட்டது, 2023-இல் 62.6. ஜப்பான் 2000-இல் 62.4, 2012-இல் 59 அளவுக்கு இறங்கி, 2023-இல் 62.9. முதியோர் மிகுந்த ஜப்பான் அமெரிக்காவைத் தாண்டிவிட்டதா? அவசரப்படக் கூடாது. ஜப்பான் 15 வயதிலிருந்து எண்ணுகிறது, அமெரிக்கா 16-லிருந்து. சிறையில் இருப்பவரையும் பணியிலுள்ள படைவீரரையும் அமெரிக்கா கணக்கிலேயே எடுப்பதில்லை. (பெயரில் படை இருந்தும் படைவீரருக்கு இடமில்லை!)

முதுமையின் இழுப்பை ஒதுக்க, 25 முதல் 54 வயது வரையுள்ள பெண்களை மட்டும் பார்க்கலாம். 2000-இல் அமெரிக்கா 77 அளவில். ஜப்பான் பத்துப் புள்ளி பின்னால். 2010-களின் நடுவில் ஜப்பான் முந்திக்கொண்டது. ஒருகாலத்தில் ஜப்பானியப் பெண்களின் வீதத்தை வயதுவாரியாக வரைந்தால் ஆங்கில ‘எம்’ எழுத்துப் போல நடுவில் பள்ளம் விழும்: பிள்ளைப்பேற்றுக்கு வேலையை விட்டு, பிள்ளை வளர்ந்தபின் திரும்புவார்கள். குழந்தைக் காப்பகங்கள் பெருகின, பெற்றோர் விடுப்பு விரிந்தது, ஆள் பற்றாக்குறையும் நெருக்கியது, பள்ளம் தூர்ந்தது. அமெரிக்காவிலோ 1993-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் தந்தது 12 வார விடுப்பு, அதுவும் சம்பளமில்லாமல்.

ஆனால் ஜப்பானில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களில் பாதிக்கு மேல் பகுதிநேரம், ஒப்பந்தம் போன்ற நிரந்தரமற்ற பணியில் இருப்பவர்கள். இந்த வீதம் எண்ணுவது தலைகளை, மணிகளை அல்ல. கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை பார்த்தவரும் அறுபது மணி நேரம் பார்த்தவரும் தொழிற்படையில் ஒவ்வோர் ஆள்தான்.