டா-வுக்கு தமிழ்ல "பணிநிலையம்" வேண்டாம், பட்டறை போதும்

"இலக்கமுறை ஒலிப் பணிநிலையம்." வீட்டுல உக்காந்து எலக்ட்ரானிக் மியூசிக் பண்ண எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம்னு தமிழ்ல யார் எழுதினாலும் இப்பல்லாம் முதல் வரியிலேயே இந்த சொல்லைத் தூக்கி வச்சிடறாங்க, படிக்க வந்தவன் அங்கயே நின்னுடறான். எங்க தெரு காலேஜ் பையன் ஒருத்தன் கேட்டான், "அண்ணா, பணிநிலையம்னா தனியா ஒரு மிஷின் வாங்கணுமா, என் லேப்டாப்ல வராதா?"ன்னு. அவன் கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. அந்த சொல்லைப் படிச்சா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

முதல்ல சொல்லோட கதையை சுருக்கமா சொல்லிடறேன். டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன், இதோட இங்கிலீஷ் முதலெழுத்தெல்லாம் (DAW) சேர்ந்துதான் டா, கம்ப்யூட்டர்ல மியூசிக் பண்ற சாஃப்ட்வேருக்குப் பேர். வொர்க்ஸ்டேஷன்னு பேர் வந்தப்போ அது நிஜமாவே ஒரு மிஷின்தான். 1970கள் கடைசியில அமெரிக்காவுல தாமஸ் ஸ்டாக்ஹாம் ஆரம்பிச்ச சவுண்ட்ஸ்ட்ரீம் கம்பெனி, டேப்பை பிளேடால வெட்டி ஒட்டுற வேலையை கம்ப்யூட்டருக்கு மாத்துச்சு, அதுக்கு பிடிபி-11னு ஒரு மினிகம்ப்யூட்டரே தேவைப்பட்டுச்சு. 1991ல ப்ரோ டூல்ஸ்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வந்தப்பகூட மேக் கம்ப்யூட்டருக்குள்ள தனி கார்டு சொருகணும். அப்புறம் 1996ல கியூபேஸ்ங்கிற மியூசிக் சாஃப்ட்வேர்காரங்க விஎஸ்டின்னு ஒரு தொழில்நுட்பம் கொண்டுவந்தாங்க, மிக்ஸர், எஃபெக்ட் எல்லாமே சாஃப்ட்வேருக்குள்ள வந்துடுச்சு. அடுத்த வருஷமே பெல்ஜியத்துல ஃப்ரூட்டிலூப்ஸ், இன்னிக்கு எஃப்எல் ஸ்டுடியோன்னு எல்லாரும் சொல்றது அதைத்தான். 2001ல பெர்லின்ல ஏபிள்டன் லைவ்னு இன்னொரு சாஃப்ட்வேர். மிஷின் போயாச்சு, பேர்ல மட்டும் அந்த ஸ்டேஷன் ஒட்டிக்கிட்டு இருக்கு. செத்துப்போன அந்தப் பகுதியைத்தான் நம்ம மொழிபெயர்ப்பாளருங்க தேடிப்பிடிச்சு தமிழாக்கி வச்சிருக்காங்க.

சரி, பணிநிலையம்ங்கிறதுல என்ன கோளாறு? நிலையம்ங்கிற சொல் தமிழ்ல எங்கெல்லாம் வருதுன்னு பாருங்க. காவல் நிலையம், பேருந்து நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், நூல் நிலையம். எல்லாமே பொது இடம், நாலு பேர் வந்து போற இடம், வாசல்ல போர்டு இருக்கும். தமிழ் பேசுற யார் வீட்டுக்குள்ளயும் நிலையம்னு ஒண்ணு கிடையாது. இங்கிலீஷ்ல ஸ்டேஷன்னா ஒரு ஆள் தன் வேலைக்காக நிக்கிற இடம், உக்கார்ற இடம்ங்கிற அர்த்தமும் இருக்கு, அதனால வொர்க்ஸ்டேஷன் அவங்களுக்கு இயல்பா இருக்கு, நமக்கு நிலையத்துல அந்த அர்த்தம் ஓடவே இல்ல. அதோட முன்னாடி ஒலின்னு வேற சேர்த்தா வானொலி நிலையம்தான் காதுல விழுது. பணின்னு சேர்த்தா வேலைவாய்ப்பு ஆபீஸ் ஞாபகம் வருது. மூணு சொல்லும் தனித்தனியா சரி, ஆனா சேர்த்துவச்சா ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு பீட் போடற ஒருத்தனோட சாஃப்ட்வேர் எங்கயுமே தெரியல. அகராதியை விரிச்சு ஒவ்வொரு துண்டா மாத்தி ஒட்டினா இப்படித்தான் வரும், அந்த சாஃப்ட்வேரை ஒரு தடவை திறந்து பார்த்தவங்க இந்தப் பேரை வச்சிருக்கவே மாட்டாங்க.

இதுக்கு எதிர்பக்கம் இன்னொரு கூட்டம், "ஒலித்தொகுப்பான்"னு எழுதறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுதான் ரொம்ப ஆபத்து. பணிநிலையம் ஆளை விரட்டத்தான் செய்யும், ஒலித்தொகுப்பான் தப்பான வழியில அனுப்பிடும். தொகுக்கறதுன்னா எடிட் பண்றது. இந்த சொல்லை நம்பிப் போறவன் முதல்ல இறக்குறது ஆடாசிட்டி. ஆடாசிட்டி அருமையான சாஃப்ட்வேர், இலவசம், பேச்சை ரெக்கார்ட் பண்ணி வெட்டி ஒட்டி சத்தத்தை சுத்தம் பண்ண அதைவிட லேசானது இல்ல. ஆனா கீபோர்டு சொருகி ஒரு சிந்த்ல, அதாவது ஒலியை உண்டாக்குற மின்வாத்தியத்துல, மெட்டு வாசிச்சு, ஒவ்வொரு சுரத்தையும் அப்புறம் தனியா நகர்த்தித் திருத்தணும்னா அது அதுக்கான இடமே இல்ல. எலக்ட்ரானிக் மியூசிக்ல பாதிக்கு மேல பதிவு பண்ற வேலை கிடையாது, ஒண்ணுமில்லாததுல இருந்து ஒலியை உண்டாக்குற வேலை. அந்தப் பையன் ஆடாசிட்டியைத் திறந்து வச்சிக்கிட்டு "இதுல டிரம்ஸ் எங்க இருக்கு"ன்னு தேடி, கிடைக்காம, நமக்கு மியூசிக் வராதுன்னு முடிவு பண்ணிட்டா யார் பொறுப்பு?

உண்டாக்குற வேலைன்னா என்னன்னு கிட்ட போய்ப் பாருங்க. எஃப்எல் ஸ்டுடியோவைத் திறந்ததும் கிக், கிளாப், ஹேட், ஸ்னேர்னு நாலு டிரம்ஸ் சத்தத்துக்கு நாலு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் 16 சின்னக் கட்டம், நாலு நாலா நிறம் மாறி மாறி இருக்கும். கிக் வரிசையில 1, 5, 9, 13 இந்த நாலு கட்டத்தையும் அமுக்கி, வேகத்தை நிமிஷத்துக்கு 120 அடின்னு வச்சு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்க. டும் டும் டும் டும்னு ரெண்டு செகண்டுல ஒரு சுத்து முடிஞ்சு திரும்ப வரும். ஹவுஸ்ங்கிற டான்ஸ் மியூசிக்கோட முதுகெலும்பே அதுதான். 5லயும் 13லயும் கிளாப்பையும் சேர்த்துட்டா ஆடவே தோணும். இதுல எங்கங்க தொகுப்பு இருக்கு? அடிச்சு, வளைச்சு, ராவி, பொருத்துற வேலை இது.

அதனாலதான் நான் இசைப்பட்டறைன்னு சொல்றேன். நகைப்பட்டறை, கொல்லன் பட்டறைன்னா கைவேலைக்காரன் தன் கருவியெல்லாம் கைக்கெட்டுற தூரத்துல மாட்டிவச்சு பொருளை உண்டாக்குற இடம், அது வீட்டுத் திண்ணையிலகூட இருக்கலாம். வொர்க்ஸ்டேஷன் சொல்ல வந்ததும் அதைத்தான். பட்டறைன்னா மட்டமா இருக்குன்னு சிலர் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க, அவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பட்டறையோட பழைய வடிவம் பட்டடை, கொல்லன் இரும்பை வச்சு அடிக்கிற அடைகல். "சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை"ன்னு குறள்லயே இருக்கு. அதைவிட சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில "வண்ணப் பட்டடை யாழ்மேல் வைத்து"ன்னு வருது, அங்க பட்டடைன்னா இளி, அதாவது நம்ம பஞ்சமம். எல்லாப் பண்ணுக்கும் அடிமணையா இருக்கறதால அந்தப் பேர்னு அடியார்க்குநல்லார் உரை சொல்லுது. பாட்டுக்கு அடித்தளமா இருக்கற சுரத்துக்கே பட்டடைன்னு பேர் வச்ச மொழியில, இசைக்கு பட்டறை பொருந்தாதுன்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

இன்னொரு ஆட்சேபணை நியாயமானது. ரெண்டு நாள் பயிற்சி வகுப்பையும் பட்டறைன்னுதான் சொல்றோம், கவிதைப்பட்டறை, நாடகப்பட்டறைன்னு, அப்ப இசைப்பட்டறைன்னா குழப்பம் வராதா? கொஞ்சம் வரும். ஆனா வகுப்புக்கு பயிலரங்கம்னு ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, அதை அதுக்கு விட்டுடலாம். "உன் லேப்டாப்ல எந்த இசைப்பட்டறை வச்சிருக்க"ன்னு கேட்டா யாரும் வகுப்புன்னு நினைக்கப்போறதில்ல. டான்னே சொல்லிட்டுப் போகலாமேன்னு கேக்கறவங்க "எந்த டா யூஸ் பண்றீங்க"ன்னு ஒரு அக்காகிட்ட வாய்விட்டுக் கேட்டுப் பாருங்க, வாடா போடா மாதிரி கேக்கும், அதுக்கு பயந்து பாதிப்பேர் டாவ்னு இழுக்கிறாங்க.

சொல் சரியா இருந்தா கேள்வியும் சரியா வரும்ங்கிறதுதான் என் கட்சி. பட்டறைன்னு சொன்னதும் என்ன வேலைக்கு, உள்ள என்னென்ன கருவி கிடக்குன்னு கேக்கத் தோணும். பீட்டுல ஆரம்பிக்கணுமா, எஃப்எல் ஸ்டுடியோ நல்லது, ஒரு தடவை வாங்கிட்டா வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம், ஆனா காசு கட்டாத ட்ரையல்ல சேவ் பண்ணின ப்ராஜெக்டை வாங்குற வரைக்கும் திரும்பத் திறக்க முடியாது, விலை குறைஞ்ச ஃப்ரூட்டி எடிஷன்ல எல்லா வசதியும் இருக்காது, இதைத் தெரிஞ்சிக்கிட்டு இறங்குங்க. சின்னச் சின்ன துண்டா வச்சு கலந்து கலந்து பார்க்கற ஆளுக்கு ஏபிள்டன். ரீப்பர் 60 நாள் முழுசா ஓட்டிப் பார்க்கலாம், தனிநபர் லைசென்ஸ் 60 டாலர், பழைய லேப்டாப்லயும் ஓடும், ஆனா உள்ள வாத்தியம்னு பெருசா இருக்காது, நீங்கதான் தேடி சேர்க்கணும். மேக் இருந்தா கராஜ்பேண்ட் கையோட வரும், 2004ல இருந்தே இருக்கு, வேற எதையும் யோசிக்க வேண்டாம். பைசா செலவில்லாம விண்டோஸ்லயோ லினக்ஸ்லயோ பழகணும்னா எல்எம்எம்எஸ்.

இதே மொழிபெயர்ப்புக்காரங்க எல்லாத்தையும் கெடுத்துட்டாங்கன்னும் சொல்ல மாட்டேன். ட்ராக்குக்கு தடம் அழகு. ப்ளகினுக்கு செருகுநிரல் நிலைச்சிடுச்சு. லேட்டன்சிக்கு, கீயை அமுக்கினதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல இருக்கற அந்த எரிச்சலுக்கு, சுணக்கம்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அப்படியே கச்சிதம். ஆனா சாம்பிளுக்கு மாதிரின்னு எழுதறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. சாம்பிள்ல ரெண்டு அர்த்தம் இருக்கு. சிடி தரத்துல ஒரு செகண்டுக்கு 44,100 தடவை ஒலியை அளக்கறாங்களே அந்த ஒவ்வொரு அளவும் சாம்பிள், ஒரு பழைய டிரம்ஸ் அடியை வெட்டியெடுத்து நம்ம பாட்டுல வைக்கிறோமே அதுவும் சாம்பிள். முன்னதுக்கு மாதிரி இருந்துட்டுப் போகட்டும். பின்னதுக்கு ஒலித்துணுக்கு. "இந்த மாதிரி மாதிரியை மாதிரி வீதம் மாத்தி இறக்கவும்"னு ஒரு வழிகாட்டியில படிச்சேன், அதை எழுதினவர் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிருந்தா அந்த வரி வெளியவே வந்திருக்காது.