படிவத்தில் "முதுமை" என்று எழுதிவிடாதீர்கள்

என்னிடம் வந்த பெரியவருக்கு 63 வயது. இரண்டு வயதில் போலியோ வந்து, ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் காலிபர் (காலைத் தாங்கும் உலோகப் பட்டை) போட்டு நடந்தவர். அந்தக் காலோடுதான் வேலைக்குப் போனார், பிள்ளைகளை வளர்த்தார். மூன்று வருஷமாகப் புதிதாக ஒரு சோர்வு. மதியத்துக்கு மேல் எழுந்து நிற்கவே முடியவில்லை. நல்ல கால் என்று நம்பியிருந்த வலது காலும் தளர்கிறது.

"வேற ஒண்ணும் இல்லைம்மா, வயசாயிடுச்சு" என்றார். கையில் உதவித்தொகை மறுமதிப்பீட்டுப் படிவம். சிரமத்துக்குக் காரணம் கேட்ட இடத்தில் "முதுமை" என்று எழுதியிருந்தார். முதலில் அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன்.

போலியோ தாக்கும்போது தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் பல அழிந்துபோகின்றன. பிழைத்தவை புதுக் கிளைகள் விட்டு, அழிந்தவற்றின் வேலையையும் சேர்த்துச் சுமக்கின்றன. பல பத்தாண்டுகள் அப்படிச் சுமந்தபிறகு அந்தக் கிளைகள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கும். போலியோவுக்குப் பிந்தைய தளர்ச்சி என்று இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு இவருக்கும் அதுதான் என்றார். வயசுதான் காரணம் என்று விட்டிருந்தால், "தினமும் கொஞ்சம் கூட நடங்க" என்ற வழக்கமான அறிவுரைதான் கிடைத்திருக்கும். இந்தத் தளர்ச்சி உள்ளவருக்கு அளவுக்கு மீறிய நடை கெடுதல். சோர்வு வரும் முன்பே உட்கார வேண்டும், தூரமான இடங்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டும். காலிபரைக் கழற்றி வைத்து நாற்காலியில் உட்காருவதைத் தோல்வியாக நினைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த நினைப்பு மாற நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தவும் கூடாது.

சக்கர நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களுக்குத் தேய்வது தோள்பட்டை. கையால் சக்கரத்தைத் தள்ளுவதும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உடம்பைத் தூக்கி மாறுவதும் அந்த மூட்டுக்கு ஏற்பட்ட வேலையே அல்ல. தோள் போனால் இவர்களுக்குக் கால் போன மாதிரி. மோட்டார் நாற்காலியோ, உட்கார்ந்தபடியே நகர்ந்து மாற ஒரு பலகையோ தேவைப்படும் நேரம் அது. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் மதிப்பீட்டு அறிக்கை பெரும்பாலும் முப்பது வயதில் எழுதியது!

இங்கேதான் உதவித்தொகை விதிகள் குறுக்கே வருகின்றன. பல நாடுகளில் ஒரு வயதுக்கோடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தில் 65 வயதுக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். பிரிட்டனில் நடமாட்டத்துக்கென்று தனியாகத் தரும் தொகையை அரசு ஓய்வூதிய வயதுக்கு முன்பே கேட்டாக வேண்டும். அதைத் தாண்டியபின் முதல்முறையாக விண்ணப்பிப்பவருக்குக் கவனிப்புக்கான உதவித்தொகை உண்டு, அதில் நடமாட்டத்துக்கென்று ஒரு பங்கு கிடையாது. நடமாட்டத் தொகையைக் குறைந்த விகிதத்தில் ஏற்கெனவே வாங்குபவருக்கும், கோட்டைத் தாண்டியபின் நடை மோசமானால் அது உயராது. இந்தியாவில் மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் 79 வயது வரைதான். 80 ஆனதும் அதே ஆள் முதியோர் ஓய்வூதியக் கணக்குக்கு மாறிவிடுகிறார். சிரமம் அப்படியேதான் இருக்கிறது, பெயர்தான் மாறுகிறது.

ஆக, சிரமம் எப்போது தொடங்கியது, எதனால் என்ற இரண்டும் காகிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் நாட்டில் அந்தக் கோடு எந்த வயதில் என்று ஐம்பதுகளிலேயே விசாரித்து வையுங்கள். நிலைமை மாறியிருந்தால் கோட்டுக்கு முன்பே மறுமதிப்பீடு கேளுங்கள். அதேசமயம், மறுமதிப்பீட்டில் தொகை குறையவும் வாய்ப்பு உண்டு. அதனால் விவரம் தெரிந்த ஒருவரிடம் கலந்துகொண்டு போவது நல்லது.

மதிப்பீட்டில் கேட்பவர் "நடப்பீங்களா?" என்பார். நம் பெரியவர்கள் "நடப்பேன்" என்பார்கள். கௌரவமாக வாழ்ந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆனால் அந்த ஒரு சொல்லிலேயே பலருக்கு உதவி கைநழுவிப் போகிறது. இந்த விஷயத்தில் பிரிட்டன் விதி ஒன்று எனக்குப் பிடிக்கும். விழுந்துவிடாமல், சரியான முறையில், தேவைப்படும்போது திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் "முடியும்" என்று கணக்கு. எந்த நாட்டுப் படிவமானாலும் இந்த நான்கையும் மனதில் வைத்தே பதில் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவரை எங்கள் நடைபாதையில் நடக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். முதல் சுற்று நன்றாகவே போனது. மூன்றாவது சுற்றில் கைத்தடியை ஊன்றும் சத்தம் மாறியது. வாங்கிப் பார்த்தால், அடியில் இருக்கும் ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து உலோகம் தெரிந்தது. தடியும் அவருக்கு இரண்டு விரற்கடை அதிக உயரம். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேரே இருக்க வேண்டும். இவருக்குத் தோள் தூக்கிக்கொண்டு நின்றது. தளர்ந்த காலுக்கு எதிர்க்கையில்தான் தடி பிடிக்க வேண்டும். இடது கால் மட்டும் தளர்ந்திருந்தபோது வலக்கையில் பிடித்தார், அது சரி. இப்போது வலது காலும் தளர்கிறபோது ஒரு தடி போதுமா என்பதையே யோசிக்க வேண்டியிருந்தது. பத்து வருஷமாக அதே தடி, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவரிடம் ஒரு சின்ன நோட்டு கொடுத்து, ஒரு வாரம் எழுதி வரச் சொன்னேன். எத்தனை முறை உட்கார்ந்தார், எங்கே தடுமாறினார், போக நினைத்துப் போகாமல் விட்டது எது. நான்கு பக்கம் எழுதி வந்தார். நல்ல நாளையும் எழுதியிருந்தார், அதுவும் வேண்டும். வியாழக்கிழமைக்கு நேரே ஒரே வரி: "பேத்தி பள்ளி விழா. படிக்கட்டு அதிகம் என்றார்கள். போகவில்லை."

அந்தப் பக்கத்தின் நகலைத்தான் படிவத்தோடு முதலில் இணைத்தோம்.