அப்புச்சி எப்போது கண் சிமிட்ட வேண்டும்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, அனிமேஷன் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏனுங்க, புராஜெக்டுக்கு ரெண்டு நிமிசப் படம் பண்றேன். மஞ்சக்காட்டை விக்கப் போறேன்னு பேரன் சொல்றான், அப்புச்சி திண்ணையில உக்காந்து கேக்கறார். அவருக்கு வசனமே இல்லீங்க. நாலு நொடிக்கு ஒருக்கா கண் சிமிட்ட வெச்சும் பொம்மையாட்டவே இருக்கார். எங்கீங்க தப்பு?”

நாலு நொடிக் கணக்கில் தப்பில்லை. சும்மா இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 15 முதல் 20 முறை சிமிட்டுகிறார்கள். படிக்கும்போது அது ஐந்துக்குப் பக்கமாக இறங்கும், பேசும்போது ஏறும். தப்பு, அந்த ‘ஒருக்கா’ ஒரே சீராக வருவதில் இருக்கிறது. விழியை ஈரமாக வைப்பதற்கு மட்டும்தான் சிமிட்டுகிறோம் என்றால் கடிகாரம் போலச் சிமிட்டலாம். நாம் அப்படிச் செய்வதில்லை.

ஜப்பானிய ஆய்வாளர் தமாமி நகானோவும் குழுவினரும் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பலருக்குத் தனித்தனியாக ஒரே நகைச்சுவைப் படத்தைக் காட்டி, இமையைக் கவனித்தார்கள். தற்செயலாக நடக்கக்கூடியதைவிட அதிகமாக, எல்லாருடைய சிமிட்டலும் ஒரே இடங்களில் வந்து விழுந்தது. ஒரு செயல் முடியும் இடம், நாயகன் திரையில் இல்லாத இடம், பார்த்த காட்சியே திரும்ப வரும் இடம். கதையில்லாத இயற்கைக் காட்சிகளைக் காட்டியபோது இந்த ஒற்றுமை இல்லை. முக்கியமான எதையும் தவறவிடாத நேரமாகப் பார்த்து, நமக்கே தெரியாமல், மூளை இமையை மூடுகிறது!

இதைவிட எனக்குப் பிடித்தது அதே குழு 2013இல் கண்டது. படம் பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, சிமிட்டும் அந்தக் கணத்தில் வெளியுலகைக் கவனிக்கும் பகுதிகள் சற்று அடங்கின. சும்மா இருக்கும்போது, நமக்குள்ளேயே யோசிக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதிகள் கிளம்பின. இருட்டானதால் அப்படி ஆகியிருக்கும் என்று சொல்ல வழியில்லை. சிமிட்டலுக்கு ஆகும் நேரத்துக்குத் திரையையே கறுப்பாக்கியும் பார்த்தார்கள், அந்த மாற்றம் வரவில்லை. மலைப்பாதையில் கியர் மாற்றும்முன் கிளட்சை மிதிக்கிறோமே, அதுபோல ஒரு நினைப்பை விட்டு அடுத்ததற்குப் போகும்முன் மூளை கவனத்தை ஒரு நொடித் துணுக்கு கழற்றிவிடுகிறது. இமை மூடுவது அதன் வெளி அடையாளம்.

ஆகவே அப்புச்சியின் சிமிட்டல்களை அவர் நினைப்பு மாறும் இடங்களில் வையுங்கள். பேரன் இழுத்து இழுத்துப் பேசும்போது அவன் வாக்கியம் முடியும் இடங்களில் சிமிட்டட்டும். கேட்பவரின் இமை, பேசுபவரின் இமைக்குக் கால் முதல் அரை நொடி பின்னால் வருகிறது என்றும் நகானோ காட்டியிருக்கிறார். ‘விக்கப் போறேன்’ என்ற சொல் நெருங்கும்போது சிமிட்டலை நிறுத்திவிடுங்கள். சொல் விழுந்து, அது மண்டையில் ஏறிய பிறகு ஒன்று. அப்புறம் காட்டுப் பக்கம் தலையைத் திருப்பும்போது ஒன்று. பெரிய திருப்பங்களில் கண் தானாகவே மூடும். நிறுத்தியதை அளவோடு நிறுத்துங்கள். ஐந்து நளன்கள் நின்ற சுயம்வரத்தில் தமயந்தி தேவர்களைப் பிரித்தறிந்தது இமைக்காத கண்ணையும் வைத்துத்தான்.

எவ்வளவு நேரம் மூட வேண்டும்? இதற்கு ஒரு அனிமேஷன் பொம்மையே சாட்சி. நெதர்லாந்தில் ஹோம்கெ, ஹோலர், லெவின்சன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் ஒரு பொம்மை கேள்வி கேட்டுவிட்டு, பதிலைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். தலையாட்டும்போது சில முறை 208 மில்லிநொடி சிமிட்டும், சில முறை 607. நீளமாகச் சிமிட்டியபோது ஆட்கள் பதிலைச் சுருக்கமாக முடித்தார்கள். ‘புரிஞ்சுதுங்க, போதும்’ என்று இமை சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள் போல. நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் முதலாவது 5 ஃபிரேம், இரண்டாவது 14, 15. இந்தப் பத்து ஃபிரேம் வித்தியாசத்தில்தான் உங்கள் அப்புச்சி பேசப் போகிறார்.

மற்றது சுலபம். இமை மூடுவது வேகம், திறப்பது மெதுவு: மூட இரண்டு ஃபிரேம், மூடியபடி ஒன்று, திறக்க மூன்று நான்கு. கீழிமை மேலே எழும்பாது, மூக்குப் பக்கம் லேசாக நகரும். பல பொம்மைகளில் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஓட்டுநர் கண் அசந்தால் அலறும் கருவியை மாணவர்கள் வருஷாவருஷம் செய்கிறார்கள். நல்லதுதான், லாரி ஓடும் ஊர். ஆனால் கேமராவும் மடிக்கணினியும் கைவசம் இருக்க, நம் ஆட்கள் திண்ணையில் பேசும்போது எங்கே சிமிட்டுகிறார்கள் என்று பதிவு செய்ய ஒரு துறையாவது காசு ஒதுக்கலாம். ‘இதுல என்ன பிரயோஜனம்’ என்று கேட்கும் குழுக்களிடம் ஹோம்கெயின் பொம்மையும் தேறியிருக்காது.

இராத்திரியெல்லாம் கண் விழித்து ரெண்டர் போடுவதாகவும், வலது கண் துடிக்கிறது, பொண்ணுகளுக்கு வலது ஆகாது என்று வீட்டில் பயமுறுத்துவதாகவும் அதே வாசகி எழுதியிருக்கிறார். இமையை மூடும் தசையின் சில இழைகள் தாமாகத் துள்ளுகின்றன, அவ்வளவுதான். தூக்கக் குறைவும் டீ, காபியும் அதைக் கூட்டும். தூங்குங்கள். வாரக்கணக்கில் நீடித்தாலோ கன்னமும் சேர்ந்து இழுத்தாலோ ஜோசியரை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.