கில்மோரின் பெண்டும் கம்பியின் இழுவிசையும்

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் கிடார் கலைஞர் டேவிட் கில்மோரின் சோலோவை (தனி வாசிப்பை) டேப், அதாவது எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்று எண்ணால் காட்டும் குறிப்பு, பார்த்து வாசிக்கிறார்கள், ஒரு ஃப்ரெட் (கிடார் கழுத்திலுள்ள கட்டம்) கூடத் தப்பவில்லை, ஆனாலும் கேட்டால் கில்மோர் மாதிரி இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டைமாடிக்கு கிடாரோடு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே சிக்கல்தான். காரணம் பெண்ட், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி சுரத்தை ஏற்றுவது. விரலை எங்கே வைப்பது என்று டேப் சொல்லிவிடும். சரியான சுரத்தில் போய் நின்றோமா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் கம்பி, எட்டாவது ஃப்ரெட். 392 ஹெர்ட்ஸ். அதை ஒரு முழு டோன் (இரண்டு ஃப்ரெட் அளவு) ஏற்றினால் 440. கம்பியின் இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்கிறது, எஃகு லேசில் நீளாது, அதனால் நடுவில் இழுத்த துணிக்கொடி மாதிரி விறைத்துக்கொள்ளும். ஆனால் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும் என்பதால், சுரம் 12 சதவீதம் ஏற இழுவிசை 26 சதவீதம் ஏற வேண்டும். கில்மோர் சில இடங்களில் இரண்டு டோன் ஏற்றுவார், அதற்குக் கிட்டத்தட்ட 59 சதவீதம்! ஒற்றை விரல் எப்படித் தாங்கும்? மோதிர விரலுக்குப் பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்து, மணிக்கட்டைத் திருப்பித் தள்ளுங்கள். வீணையில் கம்பியை இழுத்து கமகம் வாசிப்பதும் இதே இயற்பியல்தான். கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு ஸ-விலிருந்து சதுஸ்ருதி ரி என்றால் உடனே பிடிபடும்.

சரியாக ஏறியதா என்று பார்க்க அருமையான வழி ஒன்று உண்டு. முதல் கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை ஆள்காட்டி விரலால் அழுத்துங்கள், அது 440. அதோடு சேர்த்து மோதிர விரலால் அந்த எட்டாவது ஃப்ரெட் பெண்டையும் வாசியுங்கள். 437-இல் நின்றுவிட்டால் இரண்டு ஒலியும் மோதி, நொடிக்கு மூன்று முறை சத்தம் ஏறி இறங்கும். இன்னும் தள்ளத் தள்ள அந்த அலை மெதுவாகி, 440-ஐத் தொட்டதும் அடங்கிவிடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

ஏற்காட்டுக்கு கிடாரைக் கொண்டுபோகிறவர்கள், 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்ததும் முதலில் ட்யூனரை எடுங்கள். குளிரில் எஃகுக் கம்பி சுருங்கப் பார்க்கும், இழுவிசை கூடி சுரம் ஏறிவிடும். கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு ட்யூன் செய்வது நல்லது.

அப்புறம், யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டரில் வேகம் பாதியானால் சுரமும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும், இதில் சுரம் மாறாது. பெண்ட் எந்தத் தாளத்தில் கிளம்புகிறது, உச்சிக்குப் போய் எவ்வளவு நேரம் நின்ற பிறகு வைப்ரேட்டோ (சுரத்தின் நடுக்கம்) தொடங்குகிறது என்பதெல்லாம் அப்போதுதான் காதில் விழும்.