கோ-க்யூ 10: எண்ணெய் இல்லாமல் உடலில் எளிதில் சேராத துணைநொதி

மருந்துக்கடையில் மாத்திரையாகவும் முகப்பூச்சாகவும் விற்கும் கோ-க்யூ 10, நம் உடல் தானே தயாரித்துக்கொள்ளும், நொதிகளின் வேலைக்குத் துணைநிற்கும் பொருள். 1957-இல் ஃபிரெடெரிக் கிரேன் இதை மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். மூலக்கூறின் தலையில் குயினோன் என்ற வளையம். அதன் பின்னே ஐசோப்ரீன் என்ற சிறு அலகுகள் 10 கோத்த நீண்ட வால். அந்த வாலால்தான் இது கொழுப்பில் கரைகிறது, தண்ணீரில் கரைவதில்லை.

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலும் கொழுப்பே அடிப்படை. கோ-க்யூ 10 அதற்குள் நகர்ந்தபடி, அங்குள்ள புரதத் தொகுதிகளில் முதல் இரண்டிடம் எலக்ட்ரானை வாங்கி மூன்றாவதிடம் சேர்க்கிறது. இந்தக் கைமாற்றத்தில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டுதான் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. உருவாகிறது. எலக்ட்ரானை ஏந்திய வடிவமான யுபிக்வினால், சவ்வை அரிக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்குகிறது. செலவான வைட்டமின் ஈ-யையும் மீட்டுத் தருகிறது.

தருமபுரிப் பக்கம் காலையில் கேழ்வரகுக் கூழ் குடிப்பவர்கள் பலர். கூழில் கொழுப்பு மிகக் குறைவு. அதோடு மாத்திரையைப் போட்டால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் போய்விடும். மதியம் களிக்குக் கடலைச் சட்னியோ எண்ணெய் விட்டுத் தாளித்த குழம்போ இருக்கும்போது போடுவதே சரி. மருத்துவர் 200 மில்லிகிராம் எழுதியிருந்தால் இரண்டாகப் பிரித்துப் போடலாமா என்று கேளுங்கள். இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும். நிலக்கடலையிலும் இது உண்டு, 100 கிராமுக்கு ஏறத்தாழ 2.5 மில்லிகிராம். குறைவுதான், ஆனால் ஆரோக்கியமானவருக்கு மாத்திரையே தேவையில்லை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின், கோ-க்யூ 10 உற்பத்தியையும் குறைக்கிறது, இரண்டுக்கும் தொடக்கப் பாதை ஒன்றே என்பதால். அதற்காக ஸ்டேட்டினை நிறுத்திவிடக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது: இதன் அமைப்பு, இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்திருப்பதால் அந்த மருந்தின் வீரியம் குறையலாம்.

மேல்தோலில் இது உள்தோலைவிடப் பல மடங்கு அதிகம். புற ஊதாக் கதிர் அதைக் குறைத்துவிடுகிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் மே மாத வெயிலில் காய் பறிப்பவருக்கு முதல் தேவை தலைத்துண்டும் சன்ஸ்கிரீனும்தான். கோ-க்யூ 10 கிரீம் அவற்றுக்கு மாற்றல்ல. மூலக்கூறு எடை 863 என்பதால் தோலுக்குள் எளிதில் இறங்காது; எண்ணெய் கலந்த கிரீமில்தான் ஓரளவு நுழையும். இயல்பான நிறம் ஆரஞ்சு மஞ்சள், தலையணை உறையில் கறை படியும். ஏறத்தாழ 50 டிகிரியில் உருகும். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் உருகி, ஆறும்போது மணிமணியாகத் திரண்டுவிடலாம். ஒளியும் இதைச் சிதைக்கும்; ஒளி புகும் கண்ணாடிக் குப்பியை விட்டு ஒளிபுகாத டியூபை வாங்குங்கள்.