அத்தியாவசியப் பணியாளர்: கால்நடை மருத்துவர் அதில் சேர்த்தியா?

அதி, ஆவசியம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்து வந்தது அத்தியாவசியம்; மிகவும் தேவையானது என்று பொருள். நேரான தமிழ் ‘இன்றியமையாத’. அது இல்லாவிட்டால் காரியமே நடக்காது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஆனாலும் அரசாணைகளில் அத்தியாவசியம்தான் ஊன்றிக்கொண்டது. 1955இல் பொருட்களுக்கு ஒரு சட்டம், 1968இல் பணிகளுக்கு ஒரு சட்டம். பின்னதுதான் ‘எஸ்மா’, வேலைநிறுத்தத்தைத் தடுக்க அரசு எடுக்கும் ஆயுதம். ஆக, இந்தச் சொல் ஊழியரிடம் முதலில் சொல்வது ‘நீ நிறுத்தக் கூடாது’ என்பதே. பாராட்டெல்லாம் கொரோனா காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

2020 மார்ச் 24 அன்று மத்திய அரசு ஊரடங்கு நெறிமுறைகளை வெளியிட்டது. ஊரடங்கிலும் இயங்கலாம் என்ற பட்டியலில் கால்நடை மருத்துவமனைகளைப் பெயர் சொல்லிச் சேர்த்தது மறுநாள் வந்த திருத்தத்தில்தான்.

‘வெட்னரி’யின் வேர் லத்தீன், பாரம் சுமக்கும் விலங்குகளைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தமிழில் கால்நடை என்றால் காலால் நடப்பது, அதாவது ஆடு மாடு. ஊர்ப்பக்கம் இன்றும் ‘மாட்டாஸ்பத்திரி’தான். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியை ஒட்டிய மருத்துவமனையைச் சென்னைக்காரர்கள் ‘வேப்பேரி ஆஸ்பத்திரி’ என்பார்கள். அங்கே கூண்டோடு வரும் கிளியும் கால்நடைக் கணக்கில்தான் சேரும்! இலங்கைத் தமிழர் ‘மிருக வைத்தியர்’ என்கிறார்கள். ‘விலங்கு மருத்துவர்’ எல்லா உயிருக்கும் பொருந்தும். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் துறை, பல்கலைக்கழகம், பட்டம் எல்லாமே கால்நடை என்று நிலைத்துவிட்டதால் மாற்றுவது கஷ்டம்.

இவர்கள் எப்படி இன்றியமையாதவர்கள்? மாதவரம் பக்கம் ஒரு மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது என்று வையுங்கள். டாக்டர் முழங்கைக்கு மேல் கையை விட்டுக் கன்றைத் திருப்ப வேண்டும். மாட்டைப் பிடிக்க இரண்டு மூன்று பேர், எல்லோரும் மூச்சுக்காற்று படும் தூரத்தில். இதில் சமூக இடைவெளி ஏது? வீடியோ காலிலும் முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்றும் தள்ள முடியாது. 2021 ஜூனில் வண்டலூர்ப் பூங்காவில் சிங்கங்களுக்கே கொரோனா வந்தது. நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது. பத்மநாதன் என்ற ஆண் சிங்கம் 16ஆம் தேதி. மற்றவற்றைக் காப்பாற்றக் கூண்டருகே நின்றவர்கள் இந்த மருத்துவர்கள்.

‘முன்களப் பணியாளர்’ வேறு சொல். போர்க்களத்திலிருந்து வந்தது, ஆபத்துக்கு எதிரே நிற்பவர் என்று பொருள். 2021 மே மாதம் தமிழக அரசு பத்திரிகையாளர்களை முன்களப் பணியாளர்களாக அறிவித்தது. அத்தியாவசியம் என்றால் வேலைக்குப் போக அனுமதி. முன்களம் என்றால் அந்த ஆபத்துக்கு அங்கீகாரம். கால்நடை மருத்துவர்களுக்கு வேலைக்கான அனுமதி ஊரடங்கு நெறிமுறைகள் வந்த மறுநாளே வந்துவிட்டது. அவர்களைப் பற்றி எழுதும்போது ‘இன்றியமையாப் பணியாளர்’ என்பதோடு நிறுத்தாமல் ‘முன்களப் பணியாளர்’ என்றும் தாராளமாக எழுதலாம்.