மருந்து அடித்த வயலில் புகையான் பெருகுவது எப்படி? ஜாவாவில் கிடைத்த விடை

"மருந்தே அடிக்காத வயல் தப்பித்துவிடுகிறது, மூன்று தடவை அடித்த வயலில் புகையான் விழுகிறது. காரணம் என்ன?" நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் சிறு தத்துப்பூச்சிதான் புகையான். நெல் பயிரிடும் வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் இது முக்கியமானது. இதற்கு வயலிலேயே விடை தேடிக் கண்டறிந்த இடம் இந்தோனேசியாவின் ஜாவா தீவு.

அங்கே ஒரு கிராமத்து நெல்வயலுக்கு எத்தனை பேர் பாத்தியப்பட்டவர்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஜாவா உழவர்களில் பெரும்பாலானோரிடம் அரை ஹெக்டேர் கூட, அதாவது ஒன்றேகால் ஏக்கர் கூட, கிடையாது. நிலம் இல்லாதவர் 'மாரோ' முறையில் வாரத்துக்கு உழுவார். விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி நிலக்காரருக்கு. அறுவடைக்கு வருபவர்களுக்குக் கூலி நெல்லாகவே போகிறது. 'பாவோன்' எனப்படும் அந்தப் பங்கு ஊருக்கு ஊர் மாறும். ஆறில் ஒன்று தரும் ஊரும் உண்டு, பத்தில் ஒன்று தரும் ஊரும் உண்டு. ஊர்த் தலைவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக 'பெங்கோக்' நிலம் ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. அறுப்புக்குச் சில நாட்கள் முன்னால் நிற்கும் பயிரை அப்படியே விலை பேசும் வியாபாரி வேறு. வயல் கருகினால் இத்தனை பேர் பங்கும் போகும். அடுத்த நடவுக்குப் பணமில்லாத உழவர் நிலத்தையே அடமானம் வைப்பார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு பூச்சி சொத்தைக் கைமாற்றுவது இப்படித்தான்.

1970-களில் குறுகிய கால ரகங்கள், யூரியா, மானிய விலைப் பூச்சிமருந்து மூன்றும் ஜாவா முழுக்கப் பரவின. புகையானைத் தாங்கும் என்று கொண்டுவந்த ஐஆர் 26 என்ற நெல் ரகம் சில பருவங்களிலேயே தோற்றது. பிறகு ஐஆர் 36 வந்தது. 1984-இல் அரிசியில் தன்னிறைவு அடைந்ததாக இந்தோனேசியா அறிவித்தது. 1985-86 பருவத்தில் மத்திய ஜாவாவில் புகையான் மறுபடி வெடித்துக் கிளம்பியது.

சாறு உறிஞ்சினால் தூர் காய்ந்து, வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்து போகும். இது தெரிந்த கதை. பூச்சி முட்டை வைக்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. பெண் பூச்சி இலையுறையைக் கீறி, திசுவுக்குள்ளே முட்டைகளைச் செருகுகிறது. தெளிக்கும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. தூரில் நடமாடும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையைத் தேடித் துளைத்து உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் மருந்துக்கு நேரே சிக்கிச் சாகின்றன. ஒரு ஓநாய்ச் சிலந்தி நாளுக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சிகளைத் தின்னக்கூடியது. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது தின்பதற்கு ஆளே இருக்காது. போதாததற்கு, டயசினான், மெத்தில் பாரத்தியான் போன்ற மருந்துகள் கொல்லாத அளவில் பட்டால் புகையான் முன்பைவிட அதிக முட்டை வைக்கிறது என்பதைப் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அப்போதே சோதனையில் கண்டிருந்தது.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் பூச்சி 200 முட்டை வைக்கிறது, அதில் பாதி பெண் என்று கொள்வோம். அதைத் தின்னும் எதிரிகளும் மழையும் நோயும் சேர்ந்து நூற்றுக்கு 99-ஐ அழித்தால் மிஞ்சுவது இரண்டு, அதில் பெண் ஒன்று. எண்ணிக்கை அப்படியே நிற்கும். அழிவு 95 சதவீதமாகக் குறைந்தால் மிஞ்சுவது பத்து, பெண் ஐந்து. புகையானின் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். நடவுக்கும் அறுப்புக்கும் இடையில் மூன்று தலைமுறை எடுத்துவிடும். ஐந்து, இருபத்தைந்து, நூற்று இருபத்தைந்து! 95 சதவீதம் செத்தும் வயல் போகிறது. மருந்து அடித்த மறுநாள் தண்ணீரில் மிதக்கும் செத்த பூச்சிகளைப் பார்த்து உழவர் ஏமாறுவது இதனால்தான். எத்தனை செத்தன என்பதைவிட, கடைசி நான்கு சதவீதத்தைக் கொல்லும் சிலந்தி உயிரோடு இருக்கிறதா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

சரி, புகையான் வராத நாட்களில் சிலந்தி எதைத் தின்று வாழ்கிறது? நட்ட முதல் மாதத்தில் வயலில் தீங்கு செய்யும் பூச்சிகள் குறைவு. ஆனாலும் ஜாவா வயல்களில் அப்போதே சிலந்திகள் நிறைய இருந்தன. பூச்சியைப் பெருகவிட்டுத்தானே அதைத் தின்பவை பெருக வேண்டும்? இந்தப் புதிருக்கு ஜாவாவில் நடந்து 1996-இல் வெளியான ஆய்வு அருமையான விடை தந்தது: சேறு. மடக்கி உழுத அடித்தாளும் வைக்கோலும் தொழுவுரமும் தண்ணீருக்குள் அழுகும்போது பாக்டீரியா பெருகுகிறது. பாசியும் கண்ணுக்குத் தெரியாத நீருயிர்களும் பெருகுகின்றன. அவற்றைத் தின்று கொசு போன்ற, கடிக்காத சிறு ஈக்களின் புழுக்கள் வளர்கின்றன. நெல்லை இவை தொடுவதே இல்லை. இறக்கை முளைத்துக் கூட்டமாக எழும்பும்போது சிலந்திகளுக்கு இரையாகின்றன. திருடன் வருமுன்பே காவல்காரனுக்குச் சோறு போட்டு வைப்பது போன்ற ஏற்பாடு இது. சோதனை வயல்களில் அங்ககப் பொருளைக் கூட்டியபோது இந்த ஈக்கள் கூடின, கூடவே பூச்சிகளைத் தின்னும் எதிரிப் பூச்சிகளும் கூடின. நடவு முடிந்ததும் முன்னெச்சரிக்கை என்று குருணை மருந்து தூவினால் கலைவது இந்த ஏற்பாடுதான்.

இதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மேற்கு ஜாவாவின் வடகரையில் பெரும்பரப்பில் ஒரே சமயம் நட்டு, பிறகு நீண்ட காலம் காயப் போடுவார்கள். அங்கே எதிரிப் பூச்சிகள் திரும்பி வரத் தாமதமாகிறது. வயல் எளிதில் பலியாகிறது. சிறு சிறு வயல்களாக முன்பின் நடவு நடக்கும் பகுதியில் அருகில் எப்போதும் ஏதோ ஒரு பசுமை இருக்கும். அங்கிருந்து சிலந்தி சீக்கிரம் வந்து சேர்கிறது.

1986 நவம்பரில் இந்தோனேசிய அதிபரின் ஆணை 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989-க்குள் மருந்து மானியமும் நின்றது. அரிசி உற்பத்தி விழுந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு, அது விழவில்லை. அதுவரை மருந்துக்கு ஆண்டுதோறும் கொட்டிய மானியத்தோடு ஒப்பிட்டால், சேற்றில் உட்கார்ந்து ஈப்புழு எண்ணும் ஆராய்ச்சிக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. இத்தகைய ஆராய்ச்சியில் விற்பதற்குப் பொருள் எதுவும் கிடைக்காது என்பதால் தனியார் பணம் வராது. அரசுதான் கொடுக்க வேண்டும், தயங்காமல் கொடுக்க வேண்டும். பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல், நாளை எண்ணி மருந்து அடிப்பதுதான் இன்றைக்கும் வயல்களில் உலவும் பெரிய மூடநம்பிக்கை.

1989-இல் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளில் சுமார் 25 உழவர்கள் பருவம் முழுக்க வாரம் ஒருமுறை கூடினார்கள். ஒரு தூரை வலையால் மூடி, உள்ளே புகையானையும் சிலந்தியையும் விட்டு, எத்தனை மிஞ்சுகின்றன என்று அவர்களே எண்ணினார்கள். சில தூர்களில் இலையை வேண்டுமென்றே வெட்டிவிட்டு, இளம்பயிர் எவ்வளவு தழைத்து ஈடுகட்டுகிறது என்றும் பார்த்தார்கள்.

வயலில் செய்ய வேண்டியது இதன் தொடர்ச்சிதான். குறுக்காக நடந்து, ஆங்காங்கே இருபது தூர்களைச் சாய்த்துத் தட்டி, தண்ணீருக்குச் சற்று மேலே அடித்தண்டைப் பாருங்கள். இலை நுனியைப் பார்த்துப் பயனில்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் சிலந்திக்குக் கணக்கில் இடமுண்டு: சிலந்தி இல்லாத வயலில் தூரின் ஒரு கிளைப்புக்கு ஒரு புகையான் என்றாலே எச்சரிக்கை, தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைப்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். யூரியாவை மொத்தமாகப் போட்டால் பயிர் இளசாகி, அடர்ந்து, பூச்சிக்கு வசதியாகும், பிரித்துப் போடுங்கள். எண்ணிக்கை ஏறினால் தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் தூரை உலர விடலாம். ஜாவாவில் இரண்டு அல்லது நான்கு வரிசைக்கு ஒரு வரிசை இடம் விட்டு நடும் 'ஜாஜார் லெகோவோ' முறையில் அடித்தூர் வரை வெயிலும் காற்றும் இறங்குகின்றன. எல்லை தாண்டிவிட்டால் மருந்து தேவைப்படலாம். அப்போதும் சிலந்தியைக் கொல்லாத மருந்தைக் கேட்டு வாங்கி, கைத்தெளிப்பானின் முனையைத் தாழ்த்தி அடித்தூரில் படும்படி அடியுங்கள். செயற்கைப் பைரித்ராய்டு வகைகளை நெல்வயலுக்குள் கொண்டுவரவே கூடாது; புகையானைத் திரும்பப் பெருக்குவதில் அவை முன்வரிசையில் நிற்கின்றன.